குன்றின் மேல் கடவுள்கள், அடுப்புக்குப் பின்னால் தாத்தா

கேள்வி இது: கிரேக்கர்களின் ஜீயஸ், வடநாட்டவரின் ஓடின் பற்றியெல்லாம் கதை கதையாகக் கிடைக்கிறது. ரஷ்யர், போலந்துக்காரர், செர்பியர் முதலானோரின் முன்னோரான பண்டைய ஸ்லாவ் மக்களின் கடவுள்களைத் தேடினால் மட்டும் இடத்துக்கு ஒரு பட்டியல் வருகிறது. எதை நம்புவது? அவர்கள் உண்மையில் எதை வணங்கினார்கள், எதற்குப் பயந்தார்கள்?

பட்டியல்கள் முரண்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. பண்டைய ஸ்லாவ்கள் தங்கள் தெய்வங்களைப் பற்றித் தாங்களே எழுதிவைத்தது என்று ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. எழுத்து அவர்களிடம் வந்து சேர்ந்ததே கிறிஸ்தவத்தோடுதான். 863-இல் மொராவியாவுக்குப் போன சிரில், மெத்தோடியஸ் சகோதரர்கள் வேதத்தை மொழிபெயர்க்க எழுத்தை உருவாக்கினார்கள். பழைய தெய்வங்களைப் பாட யாரும் அதை எடுக்கவில்லை. ஆகவே நம்மிடம் இருப்பது பிறர் எழுதியது: பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) வரலாற்றாசிரியர்கள், ஜெர்மானியப் பாதிரிமார், ஒரு டேனியர், மதம் மாறி நூறு வருஷம் கழித்து எழுதிய கீவ் துறவிகள். அதன் பிறகு நெடுங்கால இடைவெளி. 19-ஆம் நூற்றாண்டில்தான் கிராமம் கிராமமாகப் போய்க் குடியானவர்களின் நம்பிக்கைகளை எழுதியெடுக்க ஆரம்பித்தார்கள்.

விளைவு விசித்திரமானது. பெரிய கடவுள்களுக்குப் பெயர் தெரியும், சிலை தெரியும், கோயில்கூடத் தெரியும், கதை தெரியாது. சின்ன ஆவிகளுக்குக் கோயிலே கிடையாது. ஆனால் அவை என்ன சாப்பிடும், எப்போது கோபப்படும், எப்படிச் சமாதானம் செய்வது என்பது படிப்படியாகத் தெரியும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இணையப் பட்டியல்களின் முதல் கோளாறு.

பழைய சாட்சியிலிருந்து தொடங்குவோம். 6-ஆம் நூற்றாண்டில் பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதுகிறார்: மின்னலை உண்டாக்கும் கடவுள் ஒருவரே எல்லாவற்றுக்கும் தலைவர் என்று இவர்கள் நம்புகிறார்கள், அவருக்கு மாடுகளைப் பலியிடுகிறார்கள், ஆறுகளையும் நீர்த்தேவதைகளையும் வணங்குகிறார்கள். கடவுளின் பெயரை அவர் சொல்லவில்லை. பெரூன் என்று நாம் ஊகிக்கிறோம். ‘அடிப்பவன்’ என்பது அந்தப் பெயரின் பொருள். போலிஷ் மொழியில் இன்றும் இடிக்கு ‘பியோருன்’ என்றுதான் பெயர். லிதுவேனியர்களின் பெர்க்கூனாஸும் இதே இடிக்காரர்தான்.

பெயரோடு பெரூன் வருவது கீவ் அரசர்கள் பைசாந்தியத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளில். 945-இல் இளவரசர் இகோர் பெரூன் நின்ற குன்றுக்குப் போய், ஆயுதங்களையும் கேடயங்களையும் பொன்னையும் கீழே வைத்துச் சத்தியம் செய்தார். 971 உடன்படிக்கையில் இன்னொரு தெய்வமும் சேர்கிறது: ‘கால்நடைக் கடவுள்’ வோலொஸ். வாக்கு மீறினால் பொன்னைப் போல மஞ்சளித்துப் போவோம், எங்கள் ஆயுதங்களே எங்களை வெட்டட்டும் என்பது அங்கே சொன்ன சாபம். பழைய ஸ்லாவ் மதத்தின் குரல் நேராகக் காதில் விழும் மிகச் சில இடங்களில் இது ஒன்று.

980-இல் கீவ் இளவரசர் விளாதிமிர் தன் அரண்மனைக்கு வெளியே குன்றின் மேல் ஆறு தெய்வங்களை நிறுவினார்: வெள்ளித் தலையும் பொன் மீசையும் வைத்த மரப் பெரூன், பிறகு ஹோர்ஸ், தாஷ்போக், ஸ்ட்ரிபோக், சிமார்கல், மோகொஷ். ஆறில் மோகொஷ் ஒருத்திதான் பெண். ஹோர்ஸ், சிமார்கல் இரண்டும் ஈரானிய வாடை அடிக்கும் பெயர்கள். உடன்படிக்கையில் இருந்த வோலொஸ் இந்தக் குன்றில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிற்காலத்து மரபு ஒன்று அவரது சிலையைக் கீழே, பொச்சாய்னா ஆற்றங்கரைப் பக்கம் வைக்கிறது. மேலே அரசனும் படையும், கீழே வியாபாரமும் கால்நடையும் என்று இதைப் படிக்கலாம்.

இந்த மேல்–கீழ் பிரிவை வைத்துத்தான் ‘பெரூனுக்கும் வேலெஸுக்கும் போர், வேலெஸ் பாம்பாக மாறி மாடுகளைத் திருடினான்’ என்ற கதை இன்று எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. (வேலெஸ், வோலொஸ் இரண்டும் ஒருவரே என்பது பெரும்பாலோர் கருத்து.) அந்தக் கதை எந்தப் பழைய ஏட்டிலும் கிடையாது. இவானவ், தொபொரோவ் என்ற இரு சோவியத் மொழியியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட மீட்டுருவாக்கம் அது. இடிக்கடவுள் பேயைத் துரத்த, அது மரத்தடியிலும் கல்லடியிலும் மாட்டுக்கடியிலும் ஒளியும் பெலருஸ் நாட்டுப்புறக் கதைகள், பால்டிக் பாடல்கள், வேதத்து இந்திரன்–விருத்திரன் ஒப்பீடு, இவற்றைச் சேர்த்துத் தைத்தது. கெட்டிக்காரத்தனமான வேலைதான், பல ஆய்வாளர்கள் மதிக்கிறார்கள். ஆனால் அது ஒரு கருதுகோள். அதை ‘ஸ்லாவ் புராணம்’ என்று சொல்பவர், நாலு எலும்பை மட்டும் பார்த்து முழு யானையை வரைகிறார்.

ஸ்வரோக் நிலைமை இன்னும் மோசம். இணையத்தில் அவர் உலகைப் படைத்த தந்தை. ஏட்டிலோ, கீவ் வரலாற்றின் ஒரு படியில் 1114-ஆம் ஆண்டுக் குறிப்புக்குள் செருகப்பட்ட கிரேக்க நூல் மொழிபெயர்ப்பில், ஹெபைஸ்டஸ் என்ற கொல்லக் கடவுளுக்கு விளக்கமாக ‘ஸ்வரோக்’ என்றும், அவர் மகன் சூரியனுக்கு ‘தாஷ்போக்’ என்றும் எழுதியிருக்கிறது. அவரைப் பற்றி நமக்குள்ள கதை அவ்வளவுதான்.

ஒரு சின்ன விலகல். கடவுளுக்கு ஸ்லாவ் சொல் ‘போக்’. பணக்காரனுக்கு ரஷ்யச் சொல் ‘பொகாத்தி’, ஏழைக்கு ‘உபோகி’. சமஸ்கிருத ‘பக’ என்பதோடு, அதாவது பங்கு கொடுப்பவன் என்ற பொருளோடு இது உறவுடையது. வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த பாகம், பாக்கியம் இரண்டும் அதே வேரில் வந்தவை. உறவு இந்தோ–ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் வழியே வருவது. ‘ரஷ்யர்கள் ஒரு காலத்தில் இந்துக்கள்’ என்று சுற்றும் செய்திகளுக்கு இது ஆதாரம் ஆகாது.

சடங்கு எப்படி நடந்தது என்று கண்முன் காட்டும் மிக விரிவான விவரணை மேற்கிலிருந்து வருகிறது. பால்டிக் கடலில் உள்ள ரூகன் தீவின் வடமுனை, அர்க்கோனா. அங்கே ஸ்வந்தவித் என்ற கடவுளின் கோயில். 1168-இல் டென்மார்க் அரசர் முதலாம் வால்டமாரும் பிஷப் அப்சலோனும் அதைப் பிடித்தார்கள். டேனிய வரலாற்றாசிரியர் சாக்சோ கிராமாட்டிகுஸ் அதையெல்லாம் எழுதிவைத்தார்.

மனிதரைவிடப் பெரிய மரச்சிலை. நான்கு தலை, நான்கு கழுத்து. இரண்டு முகம் முன்னால், இரண்டு பின்னால். வலக்கையில் உலோகத்தால் ஆன கொம்பு. வருஷத்துக்கு ஒருமுறை, அறுவடை முடிந்ததும் திருவிழா. முதல் நாள் பூசாரி தன்னந்தனியாகக் கருவறையைத் துடைப்பத்தால் பெருக்குவார். உள்ளே மூச்சு விடக்கூடாது. கடவுள் முன் மனித மூச்சுப் பட்டால் தீட்டு. மூச்சு முட்டும்போதெல்லாம் வாசலுக்கு ஓடி, விட்டு இழுத்து, மறுபடி உள்ளே. மறுநாள் ஜனங்கள் வாசலில் கூடியிருக்க, சிலையின் கையிலிருந்த கொம்பை எடுத்து, போன வருஷம் ஊற்றிய மது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார். குறைந்திருந்தால் வரும் வருஷம் பஞ்சம், தானியத்தை இறுக்கிப் பிடியுங்கள். குறையவில்லையென்றால் தாராளமாகச் செலவழிக்கலாம். பழையதைச் சிலையின் காலடியில் ஊற்றி, கொம்பை நிரப்பி, ஒரே மூச்சில் குடித்து, மறுபடி நிரப்பிக் கையில் வைப்பார்.

அடுத்து தேன் கலந்த வட்டமான அப்பம், ஏறக்குறைய ஆள் உயரம். அதைத் தனக்கும் கூட்டத்துக்கும் நடுவே நிறுத்திவிட்டு, ‘என்னைத் தெரிகிறதா?’ என்று கேட்பார். தெரிகிறது என்றால், அடுத்த வருஷம் தெரியாமல் போகட்டும் என்பார். அவர் சாவை வேண்டவில்லை. அப்பம் இன்னும் பெரிதாகட்டும், விளைச்சல் பெருகட்டும் என்பது பொருள். அதன் பிறகு விருந்து. அன்று நிதானமாக இருப்பதுதான் பாவம்.

கோயிலுக்கு ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது. பூசாரி தவிர யாரும் ஏறக்கூடாது. பிடரியில் ஒரு மயிர் பிடுங்கினாலும் குற்றம். சில நாள் காலையில் குதிரை வியர்த்து, சேறு படிந்து நிற்குமாம்: இரவில் கடவுள் போருக்குப் போய் வந்தார் என்பார்கள். படையெடுப்புக்கு முன் குறி பார்ப்பதும் இதைவைத்துத்தான். ஈட்டிகளை இரண்டிரண்டாகக் குறுக்கே கட்டி, முனை மண்ணில் படும்படி மூன்று வரிசை நடுவார்கள். குதிரை வலக்காலை முதலில் எடுத்து வைத்துத் தாண்டினால் புறப்படலாம். ஒருமுறை இடக்கால் முந்தினாலும் திட்டம் கைவிடப்படும். இன்றைய போலந்தின் ஷ்ஷெச்சின் நகரத்தில், திரிக்லாவ் என்ற தெய்வத்தின் கோயிலில் குதிரை கறுப்பு, ஈட்டி ஒன்பது, முறையும் வேறு: மூன்று தடவை நடத்திப் போகும்போது கால் எதிலும் படக்கூடாது. அந்த மூன்று தலைத் தெய்வத்தின் கண்களும் உதடுகளும் பொன் பட்டையால் மூடியிருந்தன, மனிதர் பாவத்தைப் பார்க்காமல் இருக்க. 1124-இல் அங்கே போன பாம்பெர்க் பிஷப் ஒட்டோ சிலையை உடைத்து, மூன்று தலைகளையும் போப்புக்கு அனுப்பிவைத்தார்.

ஸ்வந்தவித்தின் முடிவும் அப்படித்தான். முழங்காலுக்குக் கீழே கோடாலியால் வெட்டி, கயிறு கட்டி வெளியே இழுத்து, விறகாகப் பிளந்து சமைத்தார்கள். கீவில் 988-இல், கிறிஸ்தவரான விளாதிமிர் தான் நட்ட பெரூனைத் தானே குதிரை வாலில் கட்டி இழுக்கவைத்தார். பன்னிரண்டு பேர் கழியால் அடித்தபடி வந்தார்கள். நீப்பர் ஆற்றில் தள்ளி, வேகநீர்ப் பாறைகளைத் தாண்டும்வரை கரை ஒதுங்காமல் பார்த்துக்கொள்ள ஆள் போட்டார். மரத்தை ஆற்றில் விட எட்டு வருஷம் போதுமாக இருந்தது.

ஆனால் வேலை அழியவில்லை, வேலைக்காரர் பெயர்தான் மாறியது. இடி இப்போது தீர்க்கதரிசி எலியாவின் தேர்ச் சத்தம். ஜூலை 20, புதிய நாட்காட்டியில் ஆகஸ்ட் 2, அவர் நாள். அன்று வைக்கோல் வேலை செய்தால் வைக்கோற்போரில் இடி விழும். வோலொஸின் கால்நடைப் பொறுப்பு, பெயர் ஒலியும் பொருந்திய புனித விளாசியிடம் போனது. அறுவடையில் கடைசிக் கைப்பிடிக் கதிரை அறுக்காமல் முடிச்சுப்போட்டு விட்டு அதை ‘வோலொஸின் தாடி’ என்று ரஷ்யக் குடியானவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலும் சொன்னார்கள். மோகொஷின் நூற்பு வேலையில் பெரும்பகுதியைப் புனித பரஸ்கேவா ஏற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமை நூல் நூற்கக்கூடாது.

வீட்டு ஆவிக்கு மட்டும் வேஷம் மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை. ரஷ்யர்கள் அதைத் தொமவோய் என்பார்கள், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ‘தாத்தா’ அல்லது ‘எஜமான்’. இருப்பிடம் அடுப்புக்குப் பின்னால் அல்லது வாசற்படிக்கு அடியில். குடும்பத்தின் முன்னோர் என்ற எண்ணம் இதில் ஊறியிருக்கிறது. ஜனவரி 28, பழைய நாட்காட்டிப்படி, சிரியரான புனித எப்ராயிம் நாளன்று இரவு அடுப்பருகே ஒரு சட்டிக் கஞ்சி வைப்பார்கள், கனல் சுற்றி வைத்துச் சூடு ஆறாமல்.

வீடு மாறும்போது செய்யும் முறைதான் முக்கியம், ஏனென்றால் தாத்தா தானாக வரமாட்டார். சாமான் எல்லாம் போன பிறகு வீட்டின் மூத்த பெண் பழைய அடுப்பைக் கடைசியாக ஒருமுறை மூட்டுவாள். நண்பகல் ஆனதும் கனலைச் சுத்தமான மண்சட்டியில் வாரி, வெள்ளைத் துணியால் மூடி, கதவைத் திறந்து, பின்மூலையைப் பார்த்து, ‘வாங்க தாத்தா, புது வீட்டுக்கு’ என்பாள். புது வீட்டு வாசலில் வீட்டுக்காரரும் மனைவியும் ரொட்டியும் உப்பும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவள் கதவைத் தட்டி, விருந்தாளி வந்தால் சந்தோஷமா என்று கேட்க, அவர்கள் குனிந்து வரவேற்பார்கள். உள்ளே போய்த் துணியை நான்கு மூலைக்கும் உதறிவிட்டு, கனலைப் புது அடுப்பில் கொட்டுவாள். சட்டியை உடைத்து இரவில் வீட்டின் முன்மூலைக்கு அடியில் புதைப்பார்கள். இதைச் செய்யாமல் போனால்? பழைய வீட்டில் விடப்பட்ட தாத்தா இரவெல்லாம் அழுவார். புது வீட்டில் கால்நடை தங்காது.

தொமவோய்க்குக் குதிரையின் நிறம் பிடிக்காவிட்டாலும் தொல்லைதான்: இரவில் ஓட்டி ஓட்டி இளைக்க வைப்பார். பிடித்த குதிரைக்குப் பிடரி பின்னிவிடுவார். தூக்கத்தில் நெஞ்சை அமுக்கினால் பயப்படாமல் ‘நல்லதுக்கா, கெட்டதுக்கா?’ என்று கேட்க வேண்டும். தொடும் கை சூடாக, மயிரடர்ந்து இருந்தால் நல்லது. குளிர்ந்து வழவழப்பாக இருந்தால் கெட்டது.

வீட்டைவிட்டு எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு ஆபத்தான ஆவி என்பது பொதுவான கணக்கு. முற்றத்துக்கு அப்பால் குளியலறை, நீராவிக் குளியலுக்கான தனி மரக்கொட்டகை. அங்கே பான்னிக். மூன்று தொகுதி ஆட்கள் குளித்தபின் நான்காவது முறை அவருடையது. கொஞ்சம் தண்ணீரும் சோப்புத் துண்டும் இலைக்கட்டும் வைத்துவிட்டு வெளியேற வேண்டும். நள்ளிரவுக்குப் பின் போனவர் மூச்சுத் திணறிச் செத்துக் கிடப்பார். புகைபோக்கி இல்லாத பழைய குளியலறையில் கரிப்புகை நச்சு தேங்கும் என்பதை நினைத்தால், இந்த விதி எங்கிருந்து வந்தது என்று புரியும். கதிர்க்கட்டுகளை நெருப்பு மூட்டி உலர்த்தும் கொட்டகையில் கரும்பூனை உருவில் ஒவின்னிக் இருந்தார். கோபம் வந்தால் கொட்டகையை எரித்துவிடுவார். அது எரிவது அடிக்கடி நடந்தது. உச்சி வெயிலில் வயலில் நிற்பவரைப் பிடிப்பவள் பொலுத்னித்சா. கிழக்கு ஜெர்மனியில் வாழும் சோர்ப் மக்களிடம் அவள் இன்னும் நுணுக்கமானவள்: அவளிடம் அகப்பட்டவர் சணல்விதைப் பயிரை விதைப்பதிலிருந்து துணி நெய்வதுவரை ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேச வேண்டும், இல்லையேல் கழுத்துப் போகும்.

காட்டில் லேஷி. மரத்தின் நடுவே மர உயரம், புல்வெளியில் புல் உயரம். வழி தவறவைப்பதுதான் தொழில். அவரிடம் எல்லாம் தலைகீழ், செருப்பு கால் மாறியிருக்கும், சட்டை எதிர்ப்பக்கம் மடிந்திருக்கும். அதனால் மாற்று மருந்தும் தலைகீழ்தான்: உடுப்பைக் கழற்றி உள்பக்கம் வெளியாகப் போட்டு, காலணியை இடம் மாற்றி மாட்டினால் வழி தெரியும். வட ரஷ்யாவில் மாடு மேய்ப்பவர்கள் லேஷியோடு பருவ ஒப்பந்தமே செய்துகொண்டார்கள். அவர் மந்தையைக் காப்பார். மேய்ப்பவன் அந்தப் பருவம் முழுக்கக் காட்டில் பழம் காளான் பறிக்கக்கூடாது, தலைமுடி வெட்டக்கூடாது. மீறினால் ஓநாய்க்கு வழி திறந்துவிடும்.

இவற்றைவிட ஆழமான நம்பிக்கை செத்தவர்களைப் பற்றியது. ரஷ்ய நாட்டுப்புறவியலாளர் திமீத்ரி ஜெலேனின் 1916-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது: மரணம் இரண்டு வகை. வயது முடிந்து போனவர் முன்னோர், வீட்டுக்கு நல்லது செய்வார். தற்கொலை, மூழ்கல், ஞானஸ்நானம் பெறாத குழந்தை என்று நேரத்துக்கு முன் போனவர் மிச்ச ஆயுளை இங்கேயே கழித்தாக வேண்டும். மண் அவர்களை ஏற்காது. புதைத்தால் மழை நின்றுவிடும். மழை பொய்த்தபோது நீரில் மூழ்கியவர், தூக்கிட்டவர் பிணங்களைத் தோண்டி எறிவதை 13-ஆம் நூற்றாண்டிலேயே விளாதிமிர் நகர பிஷப் செரப்பியோன் பிரசங்கத்தில் கண்டித்தார்.

ருசால்கா இந்த வகையைச் சேர்ந்தவள். மீன்வால் அழகி என்பது பிற்காலத்து ஓவியர்களின் கற்பனை. கிராமத்து ருசால்கா தலைவிரி கோலமாக, ஈஸ்டருக்குப் பின் ஏழாவது வாரத்தையொட்டி நீரிலிருந்து வயலுக்கும் மரக்கிளைக்கும் வருபவள். அந்த நாட்களில் தனியே குளிக்கக்கூடாது, கையில் எட்டிக்காய்க் கசப்புள்ள மாசிப்பச்சை இனத்துப் ‘பொலீன்’ செடி வைத்திருக்க வேண்டும். ‘கையில் என்ன?’ என்று கேட்பாள். ‘பொலீன்’ என்றால், அதற்கு எதுகையாக ‘ஸ்கீன்’, தொலைந்து போ என்று கத்தி ஓடிவிடுவாள். ‘பெத்ருஷ்கா’ என்று கொத்தமல்லி போன்ற கீரையின் பெயரைச் சொன்னால், ‘நீ என் துஷ்கா’, என் செல்லம் என்று கூறிக் கிச்சுகிச்சு மூட்டியே கொன்றுவிடுவாள். ஒரு எதுகையில் உயிர் தொங்குகிறது.

இரத்தக் காட்டேரியும் இதே செத்தவர் கணக்குதான். செர்பியாவின் கிசில்யேவோ கிராமத்தில் 1725-இலும் மெத்வெஜாவில் 1732-இலும் ஆஸ்திரிய அதிகாரிகள் எழுதிய அறிக்கைகள் வழியாகத்தான் ‘வாம்பிர்’ என்ற செர்பியச் சொல் ஐரோப்பா முழுதும் பரவியது.

சரி, பட்டியலைச் சோதிப்பது எப்படி? ஒவ்வொரு பெயருக்கும், முதலில் எழுதியவர் யார், எந்த ஊரில், எப்போது என்று கேளுங்கள். இன்று காதல் தெய்வம் எனப்படும் லாதா, 15-ஆம் நூற்றாண்டில் போலந்து வரலாற்றாசிரியர் யான் துவுகோஷ் போலந்துத் தெய்வங்களை ரோமானியக் கடவுள்களோடு ஜோடி சேர்த்தபோது உருவம் பெற்றது, அதுவும் போர்க்கடவுள் மார்ஸுக்கு ஜோடியாக; மூலத்தில் இருந்தது பாட்டின் பல்லவி மட்டும். குபாலா என்பது யோவான் ஸ்நானகர் திருநாளின் பெயர். செர்னபோக் என்ற கருங்கடவுளை 12-ஆம் நூற்றாண்டில் ஹெல்மோல்ட் என்ற ஜெர்மானியப் பாதிரி குறிப்பிடுகிறார், விருந்தில் கிண்ணம் சுற்றிவரும்போது சொல்லும் பெயராக. எதிரணி வெண்கடவுளின் பெயரை அவர் தரவில்லை. ‘வேலெஸ் புத்தகம்’ என்று யாராவது மேற்கோள் காட்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம்: 1950-களில் வெளிவந்த அதன் மொழி எந்தக் காலத்து ஸ்லாவ் மொழிக்கும் பொருந்தவில்லை, போலி என்று மொழியியலாளர்கள் காட்டிவிட்டார்கள். 1848-இல் ஸ்ப்ரூச் ஆற்றில் கிடைத்து இப்போது கிராக்கவ் அருங்காட்சியகத்தில் இருக்கும் நான்கு முகக் கல்தூண்கூட விவாதத்துக்கு அப்பாற்பட்டதல்ல.

சோவியத் காலத்துத் தமிழ் மொழிபெயர்ப்புகளில் பலர் சிறுவயதில் சந்தித்த பாபா யாகா? கோழிக்கால் குடிசையில் இருந்து, உரலில் ஏறி, உலக்கையால் துழாவி, துடைப்பத்தால் தடத்தை அழித்துப் பறப்பவள். அவள் கதையில் வாழ்பவள். யாரும் அவளுக்குப் படையல் வைத்ததாகச் சான்றில்லை, ஆகவே தெய்வப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

குளிர்காலத்தின் உருவமான போலந்தின் மர்ஸான்னா நேர்மாறு. அவளைப் பற்றிப் பெரிய கதை எதுவும் இல்லை, சடங்கு மட்டும் உண்டு. வைக்கோல் பொம்மை செய்து ஊர்வலமாகக் கொண்டுபோய் நீரில் எறிவதை 1420-இல் பொஸ்னான் திருச்சபைக் கூட்டம் தடை செய்தது. போலந்துப் பள்ளிக் குழந்தைகள் இன்றும் வசந்தத் தொடக்கத்தில், மார்ச் 21 வாக்கில், அதைச் செய்கிறார்கள். பொம்மையைக் கொளுத்தி ஆற்றில் போடுவார்கள். நீரில் விழுந்தபின் அதைத் தொடக்கூடாது, திரும்பி வரும்போது பின்னால் பார்க்கக்கூடாது.